ஜோரென் அருவிக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நவம்பரில் அம்மாவோடு டோக்கியோ வருகிறீர்கள். இஸு தீபகற்பத்துக் காட்டில் ஜோரென் என்றொரு அருவி இருக்கிறது, அதில் ஒரு சிலந்திப் பெண் குடியிருக்கிறாள் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். ஒரே நாளில் போய்வர முடியுமா, அந்தக் கதை நிஜமாகவே பழையதா அல்லது சுற்றுலாவுக்காகக் கட்டியதா, நம் ஊர் மோகினிக் கதை மாதிரியா, 66 வயதில் முழங்கால் வலியோடு அம்மா இறங்க முடியுமா, அருவியில் குளிக்கலாமா என்று ஐந்து கேள்விகள். ஆனால் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு கதையை நம்பி அவ்வளவு தூரம் போனால், போன இடத்தில் அந்தக் கதை இருக்குமா? இல்லை, ஒரு பலகையும் நாலு கடையும்தான் இருக்குமா?

ஷிசுவோகா மாகாணத்தில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். பிழைப்பு மொழிபெயர்ப்பு. ஊரிலிருந்து வரும் நண்பர்களையும் அவர்களுடைய அப்பா அம்மாவையும் இஸுவுக்குக் கூட்டிப்போவது நான் ஆசையாகச் செய்கிற காரியம். ஜோரெனுக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறேன். நாட்டார் கதைகளை முறையாக ஆராய்ந்தவன் இல்லை. ஜப்பானிய மொழியில் படித்ததும், அங்கே வாசாபி என்ற காரமான பச்சைத் தண்டை விற்கும் பாட்டிகளிடம் கேட்டதும்தான் என் கையிருப்பு. அதனால் எது உறுதி, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று பிரித்தே எழுதுகிறேன்.

போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் பெரிய அருவியைப் பார்க்கும் ஆசையில் போகாதீர்கள். ஜோரெனின் உயரம் 25 மீட்டர், அகலம் 7 மீட்டர், அவ்வளவுதான். நிக்கோவில் இருக்கும் கெகோன் அருவி 97 மீட்டர், வாகயாமாவின் நாச்சி 133 மீட்டர். அவற்றுக்குப் பக்கத்தில் இது சின்னப்பிள்ளை. அப்படியிருந்தும் 1990-இல் ஜப்பானின் சிறந்த நூறு அருவிகளைத் தேர்ந்தெடுத்தபோது இதையும் சேர்த்தார்கள். இங்கே பார்க்க வேண்டியது விழுகிற தண்ணீரை அல்ல, விழுந்த தண்ணீர் தேங்கி நிற்கும் மடுவை. அதன் ஆழம் 15 மீட்டர். ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தை அப்படியே உள்ளே இறக்கிவிடலாம். அருவியடி மடுவுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தாகிட்சுபோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அருவியின் ஜாடி’. கரையோரத்தில் கூழாங்கல் தெரியும். இரண்டடி தள்ளினால் பச்சை, இன்னும் தள்ளினால் பாசி படிந்த செம்புப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி ஒரு கருமை. சிலந்தியின் வீடு அந்தக் கருமைதான்.

கதைக்கு வருவோம். அங்கே வழக்கமாகச் சொல்லப்படுவது இரண்டு பகுதிகளாக இருக்கிறது. அருவிக்குப் பின்புற மேட்டில் ஒரு குடியானவர் வேலை செய்துகொண்டிருந்தார். களைப்பாக இருக்கவே மடுவோரமாக வந்து உட்கார்ந்தார். ஒரு சிலந்தி வந்து அவர் காலில் நூலைச் சுற்றியது. போனது, திரும்ப வந்தது, இன்னொரு சுற்று. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை, கொல்லவும் இல்லை. நூலை மெல்லக் காலிலிருந்து கழற்றி, பக்கத்தில் இருந்த முசுக்கட்டை மரத்தின் அடிக்கட்டையில் மாட்டிவிட்டார். சற்று நேரத்தில் மடுவுக்குள்ளிருந்து யாரோ இழுத்தது போல அந்தக் கட்டை முறுக்கிக்கொண்டு வேரோடு பிடுங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊர் நடுங்கிப்போனது. அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, விவரம் தெரியாத வெளியூர் மரவெட்டி ஒருவர் அங்கே மரம் வெட்ட வந்தார். கை தவறிக் கோடரி மடுவில் விழுந்துவிட்டது. எடுக்க இறங்கியபோது அழகான பெண் ஒருத்தி எதிரே வந்து கோடரியைக் கையில் கொடுத்தாள். ‘என்னைப் பார்த்ததை யாரிடமும் சொல்லாதே’ என்றாள். அவர் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரியே நாட்கள் போயின. ஒருநாள் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினார், எழுந்திருக்கவில்லை.

இந்த முடிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத நூல் அவரை இழுத்துப்போய், மறுநாள் மடுவில் பிணமாக மிதந்தார் என்றும் சொல்வார்கள். இன்னொரு வடிவத்தில் மரவெட்டி அந்தப் பெண்மேல் காதல் கொண்டு நாளுக்கு நாள் மெலிந்துபோகிறார். கோயில் பிட்சு ஒருவர் மடுவோரம் நின்று சூத்திரம் ஓத, தண்ணீரிலிருந்து நூல் நீண்டு வருகிறது. பிட்சு அதட்டியதும் மறைகிறது. அவள் சிலந்தி என்று தெரிந்தும் மரவெட்டிக்கு ஆசை விடவில்லை. மலைக்கு அதிபதியான தெங்கு என்ற பூதத்திடம் போய் அனுமதி கேட்கிறார். தெங்கு மறுத்துவிட, அருவிக்கே ஓடி, நூலில் சிக்கி, தண்ணீருக்குள் போய்விடுகிறார்.

இப்போது உங்கள் மோகினிக் கேள்வி. முக்கிய வடிவத்தின் முதல் பாதியில் பெண்ணே இல்லை, கவனித்தீர்களா? சிலந்தி மட்டும்தான். இரண்டாம் பாதியில் வருகிற பெண்ணும் யாரையும் மயக்கவில்லை. விழுந்த பொருளை நேர்மையாகத் திருப்பிக் கொடுக்கிறாள், பதிலுக்கு ஒரு மௌனத்தை மட்டும் கேட்கிறாள். மயக்கி அழிப்பவள் என்ற சாயல் வருவது காதல் வடிவத்தில்தான். அதனால் மோகினி என்று நினைத்துக்கொண்டு போனால், மடுவோரம் உட்கார்ந்திருந்த குடியானவரைத் தவறவிட்டுவிடுவீர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அவர்தான். தன் காலில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்த மனிதர்.

பழையதா, கட்டியதா என்பதற்கு என் பதில் இது. இந்தக் கதையை இந்த அருவியைச் சுற்றி இருப்பவர்கள் மட்டும் தனியாகக் கற்பனை செய்து எடுக்கவில்லை, அது உறுதி. காலில் சிலந்தி நூல் சுற்றுவது, அதை மரக்கட்டையில் மாட்டுவது, கட்டை தண்ணீருக்குள் போவது என்ற கதை ஜப்பானில் பல மடுக்களுக்கு உண்டு. வடக்கே செண்டாய் நகரில் காஷிகோபுச்சி என்ற மடுவுக்கும் இதே கதைதான். அங்கே கட்டை உள்ளே போனதும் தண்ணீருக்குள்ளிருந்து ‘கெட்டிக்காரன், கெட்டிக்காரன்’ என்று ஒரு குரல் கேட்கிறது. இடத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான், ‘கெட்டிக்கார மடு’. அதேபோலக் கோடரி தவறி விழுவதும், தண்ணீருக்கடியில் இருக்கும் பெண் அதைத் திருப்பித் தருவதும், வெளியே சொல்லாதே என்பதும் தனியாக வேறொரு கதைவகை. அதில் அந்தப் பெண் பெரும்பாலும் நீருக்கடியில் தறி நெய்துகொண்டிருப்பாள். ஜோரெனில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நெய்கிற பெண்ணும் நூல் விடுகிற சிலந்தியும் ஒருத்தியே என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் மடுவோரம் உட்கார்ந்து அருவி நூல்நூலாகப் பிரிந்து விழுவதைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

இணையத்தில் இன்னொன்றும் படித்திருப்பீர்கள், 400 வயதான சிலந்திக்குப் பெண்ணுருவம் எடுக்கும் சக்தி வந்துவிடும் என்று. ஜோரென் கதையில் அது கிடையாது. சிலந்திக்கு வயதே சொல்லப்படுவதில்லை. ஓவியமாக ஜோரோகுமோ என்ற இந்தச் சிலந்திப் பெண் உருவம் வந்ததற்கு உறுதியான தேதி உண்டு. தோரியாமா செகியென் என்ற ஓவியர் 1776-இல் வெளியிட்ட பேயுருவங்களின் தொகுப்பில், சிலந்திக் கால்களோடு ஒரு பெண்ணை வரைந்தார். நெருப்பு உமிழும் குட்டிச் சிலந்திகளை அவள் ஏவிக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை எழுதப் பயன்படும் எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் ‘சுற்றிப் பிணைக்கும் புதுப்பெண்’ என்று வரும்.

அதே பெயரில் உயிருள்ள சிலந்தியும் இருக்கிறது, நீங்கள் வரும் நவம்பரில் அதைப் பார்க்க நல்ல வாய்ப்பும் இருக்கிறது. படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடிக்கும் பக்கத்து மரத்துக்கும் இடையே பாருங்கள். வெயில் ஒரு கோணத்தில் பட்டால் வலை பொன்னிறமாக மின்னும். நடுவில் தலைகீழாகத் தொங்குவது பெண் சிலந்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உடம்பு, மஞ்சளும் நீலச்சாம்பலும் மாறி மாறிப் பட்டைகள், வயிற்றின் அடிப்பக்கம் சிவப்பு. சில வலைகளின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பழுப்பு நிறப் பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டி என்று நினைப்பீர்கள், அதுதான் ஆண். ஒருமுறை என் நண்பரின் அம்மா ஒருவர் பத்து நிமிடம் அந்த வலை முன்னாலேயே நின்றுவிட்டார். ‘இவ்வளவு சின்னவன் இவ்வளவு பொறுமையாக இருக்கிறானே’ என்றார். மனிதர்களுக்கு அதனால் ஆபத்தில்லை, வலையைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

கதையைவிடப் பழையது அந்தப் பாறை. அருவிக்குப் பக்கத்துச் சுவரில் நெடுநெடுவெனத் தூண்களை அடுக்கிய மாதிரி பிளவுகள் தெரியும். சிற்பி செதுக்கியதோ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் பக்கத்தில் இருக்கும் ஹாச்சிகுபோ என்ற சிறு எரிமலையிலிருந்து வழிந்த எரிமலைக்குழம்பு இந்தப் பள்ளத்தாக்கை நிரப்பியது. அது ஆறும்போது சுருங்கி, சுருங்கும்போது தூண்தூணாக வெடித்தது. சேற்றுக்குளம் காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும் அல்லவா, அதேதான், இங்கே வெடிப்பு ஆழத்துக்கும் போயிருக்கிறது. இஸு தீபகற்பமே தெற்குக் கடலில் எரிமலைகளாக எழுந்து, பூமியின் மேலோட்டுத் தட்டோடு நகர்ந்து வந்து, சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் பெருந்தீவோடு இணைந்த நிலம். 2018-இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது. பாறையில் தொங்கும் பெரிய பெரணியையும் பாருங்கள். இலை நுனிப்பக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். நுனி தாழ்ந்து மண்ணைத் தொட்டால் அங்கே புதுச்செடி முளைக்கும். அதனால் அதன் ஜப்பானியப் பெயரிலேயே ‘பிள்ளை சுமக்கும்’ என்று வருகிறது. ஜோரென் என்ற பெயருக்குத் ‘தூய தாமரை’ என்று பொருள். முன்பு அருகே இருந்த அதே பெயருள்ள கோயிலிலிருந்து வந்தது என்பார்கள்.

சரி, போகிற வழி. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் மிஷிமா, ஏறக்குறைய 50 நிமிடம். அங்கிருந்து இஸுஹாகோனே தனியார் ரயிலில் ஷூசென்ஜி, 35 நிமிடம். ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாச் சீட்டு) வைத்திருந்தாலும் இந்தப் பகுதிக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். ஷூசென்ஜியிலிருந்து பேருந்தில் இன்னொரு 35 நிமிடம், ‘ஜோரென் நோ தாகி’ நிறுத்தத்தில் இறங்கினால் படிக்கட்டு எதிரே. காத்திருப்பையும் சேர்த்தால் ஒருவழிக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவிலிருந்து ஷூசென்ஜிக்கு நேரடியாகப் போகும் ஓடோரிகோ ரயிலும் உண்டு. ஆனால் அது அதாமியில் இரண்டாகப் பிரியும். முன்பகுதி ஷிமோடாவுக்குப் போய்விடும், அதனால் எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறுங்கள். ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் அம்மாவோடு போவதால், ஷூசென்ஜி வெந்நீரூற்று ஊரில் ஓர் இரவு தங்கி, காலையில் அருவிக்குப் போவது நல்லது. நவம்பரில் மாலை நாலரை வாக்கிலேயே சூரியன் மறையும். அருவி இருப்பதோ குறுகிய பள்ளம், வெளிச்சம் அதற்கும் முன்பே போய்விடும். இலைகள் சிவப்பது நவம்பர் பின்பாதியில்.

படிகள் சுமார் 200. கைப்பிடி இருக்கிறது, படிகள் ஒழுங்காகக் கட்டியவை, ஆனால் ஈரம் எப்போதும் இருக்கும். நான் கூட்டிப்போன பெரியவர்களில் பலர் முழங்கால் வலிக்காரர்கள். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர முழங்காலைப் பிடிப்பது இறங்கும்போதுதான். போகும்போதே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பிடி அம்மாவின் கைக்கு இருக்கட்டும், நீங்கள் ஒருபடி கீழே பக்கவாட்டில் போங்கள். ரப்பர் அடி போட்ட காலணி அவசியம், செருப்பு வேண்டாம். மின்தூக்கி கிடையாது. சொந்த ஊரில் மூன்று மாடியை நடுநடுவே நின்று மூன்று தடவை ஏறி இறங்க அம்மாவுக்கு முடிகிறது என்றால் இங்கேயும் முடியும் என்பது என் அனுபவக் கணக்கு. அவருடைய மூட்டின் நிலையைத் தெரிந்த மருத்துவரின் சொல் அதற்கு மேல்.

குளிக்க முடியாது. அருவி என்றதும் தலையைக் கொடுத்து நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது இயல்புதான், ஆனால் இது குளிக்கும் இடமே இல்லை. ஆழம் அப்படி, குளிர் அப்படி. பலத்த மழைக்கு அடுத்த நாள் போகவும் வேண்டாம். இந்த ஓடை கானோ ஆற்றின் மேற்பகுதி. அமாகி மலைகளில் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும். 1958 செப்டம்பரில் வந்த புயலுக்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள், பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். மடுவோரம் அசந்து உட்காராதே என்று சொல்லும் கதை இந்தத் தண்ணீரைப் பற்றியது என்பதை அப்போது நினைத்துக்கொள்வேன்.

அம்மா சைவம் என்றீர்கள். கீழே அருவிக்குச் சற்றுத் தள்ளி, ஓடை நீரைத் திருப்பிவிட்டுப் படிப்படியாக வாசாபி பயிரிட்டிருக்கிறார்கள், மேலே கடைகளில் அதுதான் விற்பனை. 1744-இல் இஸுவின் யுகாஷிமா ஊரைச் சேர்ந்த இதாகாகி கான்ஷிரோ, காளான் வளர்ப்பைக் கற்றுத்தரப் போன உத்தோகி என்ற மலையூரிலிருந்து வாசாபி நாற்றைக் கொண்டுவந்தார் என்பது பதிவு. ஊரை விட்டு வெளியே போகக் கூடாத அந்த நாற்றை உத்தோகிக்காரர்கள் சாப்பாட்டுக் கூடையில் ஒளித்துக் கொடுத்தார்கள் என்பது வாய்வழி வருவது. வாசாபி ஐஸ்கிரீமை அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சோபா நூடுல்ஸின் சாறு, சூடான சோற்றின்மேல் வாசாபி வைத்துத் தரும் சாப்பாடு, இரண்டிலும் மீன் சீவல் இருக்கும். ‘காட்சுவோபுஷி இல்லாமல்’ என்று முன்கூட்டியே சொன்னால் சோற்றில் போடாமல் தருவார்கள், சாற்றிலிருந்து எடுக்க முடியாது. இரண்டு சோற்று உருண்டையோ இட்லியோ கட்டி எடுத்துப்போவது உத்தமம். பச்சை வாசாபி கொடுத்தால் இலை இருந்த பக்கத்திலிருந்து வட்டமாகத் தேயுங்கள். தேய்த்துச் சில நிமிடங்களில் காரம் ஏறும், கால் மணி நேரத்தில் இறங்கிவிடும்.

கடைசியாக அங்கே என்ன செய்வது என்பது. பெரும்பாலோர் இறங்கி, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரமாவது உட்காருங்கள். கீழே இறங்கிய பிறகு அம்மாவுக்குக் குடியானவர் கதையைச் சொல்லுங்கள், மேலே பேருந்திலேயே சொல்லிவிட வேண்டாம். இரைச்சலில் காதருகே குனிந்துதான் சொல்ல முடியும். முதலில் கண் விழுகிற தண்ணீரிலேயே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக மடுவுக்கு இறங்கும். திரும்பும் பேருந்து நேரத்தை மேலே நிறுத்தத்தில் இறங்கியவுடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வண்டி கிடையாது, ஏறுவதற்கு அம்மாவுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள்.